9 இஞ்ச் சுவர் போட்டா போதுமா? ஐஎஸ் 1905 கோட் பத்தி ஒரு ரிவ்யூ

சிமெண்டுக்கு ரிவ்யூ போடுறாங்க, டைல்ஸுக்கு போடுறாங்க, வாட்டர்ப்ரூஃபிங் கெமிக்கலுக்கு கூட பக்கம் பக்கமா எழுதுறாங்க. வீட்டையே தூக்கி நிறுத்துற செங்கல் சுவர் எவ்வளவு கனம் இருக்கணும், எந்த கல்லு, எந்த கலவைன்னு சொல்ற புத்தகத்துக்கு மட்டும் ஒருத்தரும் எழுதக் காணோம். அதான் இது. ஐஎஸ் 1905, இந்திய தர நிர்ணய அமைவனத்தோட கோட், அதாவது விதிப்புத்தகம், கம்பி போடாத கட்டு வேலைக்கானது. முதல்ல வந்தது 1961ல, அப்புறம் 1969, 1980, 1987ன்னு மூணு தடவை திருத்தியிருக்காங்க. கையில கிடைக்கிறது 1987 பதிப்புதான், ஆமா அவ்வளவு பழசு, அதுக்காக தூக்கிப் போட்டுடாதீங்க, செங்கல்லும் மாறல புவியீர்ப்பும் மாறல.

நான் சின்ன சின்ன வீடு வேலை எடுத்துப் பண்ற டிப்ளமோ சிவில் ஆளு. பெரும்பாலும் கீழ ஒண்ணு மேல ஒண்ணு, பில்லர் இல்லாம சுவர் மேலயே தளம் உக்கார்ற வீடுங்க, லோட் பேரிங்னு சொல்வோம்ல அது. இந்த மாதிரி வீட்டுக்கு நம்ம ஊர்ல எஞ்சினியரும் சரி மேஸ்திரியும் சரி ஓனரும் சரி எல்லாருக்கும் ஒரே ஒரு கணக்குதான் தெரியும்: 9 இஞ்ச் சுவர். கல்லு என்ன கல்லுன்னு கேட்டா "9 இஞ்ச் சார்", கலவை என்னன்னு கேட்டா "9 இஞ்ச் சார், யானையைக் கட்டினாலும் அசையாது". இந்த புத்தகத்தைப் படிச்சா முதல்ல உடையுறது அந்த நம்பிக்கைதான். கனம்ங்கிறது நாலஞ்சு கேள்வில ஒண்ணு, அவ்வளவுதான்.

எப்படி வாங்குறதுன்னா, வாங்கவே வேணாம், தர நிர்ணய அமைவனத்தோட சைட்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டு ஃப்ரீயா டவுன்லோட் பண்ணிக்கலாம். முன்னாடி காசு கொடுத்து வாங்கணும், ஜெராக்ஸோட ஜெராக்ஸ்தான் கைக்கு கை சுத்தும், டேபிள்ல 3ஆ 8ஆன்னே தெரியாது. இப்ப தெளிவான பிரதி கிடைக்குது, அதுக்கே ஒரு ஸ்டார்.

சரி உள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம்.

முதல்ல கல்லு. செங்கல்லுக்கு தனி கோட் இருக்கு, ஐஎஸ் 1077, அதுல செங்கல்லை அது தாங்குற பலத்தை வச்சு கிளாஸ் பிரிச்சிருக்காங்க, 3.5ல ஆரம்பிச்சு 5, 7.5, 10ன்னு 35 வரைக்கும் போகுது. 3.5ன்னா சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன். நம்ம பாஷைல சொல்லணும்னா 9க்கு 4 சைஸ் கல்லை படுக்க வச்சு அமுக்கினா ஏறக்குறைய 8 டன் தாங்கணும், கிளாஸ் 5னா பதினொண்ணரை டன்கிட்ட. தண்ணில ஒரு நாள் ஊற வச்சா தன்னோட எடைல 20 சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்கக்கூடாது, இது 12.5 கிளாஸ் வரைக்கும், அதுக்கு மேல உள்ள கல்லுக்கு 15 சதவீதம்தான்.

இப்ப ஒரு விஷயம் பாருங்க, கல்லு 3.5 தாங்கும், ஆனா அந்த கல்லால கட்டின சுவருக்கு கோட் அனுமதிக்கிறது 0.35 மட்டும்தான், பத்துல ஒரு பங்கு. முதல் தடவை படிக்கிறவங்க பிரிண்டிங் மிஸ்டேக்னு நினைப்பாங்க. இல்ல, கல்லு தனியா நிக்கிறது வேற கலவையோட சேர்ந்து சுவரா நிக்கிறது வேற, சேர்ந்து நிக்கும்போது கல்லோட முழு பலம் சுவருக்கு வராது, அந்த சுவரோட பலத்துலயும் கால் பங்கைத்தான் கணக்குல எடுக்குறாங்க, கொத்தனார் கை ஒரே மாதிரி இருக்காதுங்கிறதும் இதுலயே அடக்கம்.

எனக்கு ரொம்ப பிடிச்ச டேபிள் இதுதான். மேல வரிசைல கல்லோட கிளாஸ், பக்கத்துல கலவையோட வகை. 3.5 கல்லுக்கு நேரா போய்ப் பாருங்க, ஒண்ணுக்கு மூணு கலவை (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் மூணு பங்கு) போட்டாலும் 0.35, ஒண்ணுக்கு ஆறு போட்டாலும் அதே 0.35. சிமெண்ட் ரெண்டு மடங்கு கொட்டினாலும் சுவர் பலம் ஒரு பைசா கூடல! ஏன்னா கல்லு அவ்வளவுதான். கிளாஸ் 5 கல்லுக்கு போனா ஒண்ணுக்கு மூணும் ஒண்ணுக்கு அஞ்சும் ஒரே 0.50, ஒண்ணுக்கு ஆறு போட்டா 0.44. கல்லு 10 கிளாஸ்னாத்தான் நல்ல கலவைக்கு நல்ல கூலி கிடைக்குது, ஒண்ணுக்கு மூணுல 1.00, ஒண்ணுக்கு ஆறுல 0.81. "ரிச் மிக்ஸ் போடுங்க சார், சொந்த வீடு"ன்னு கெஞ்சுற ஓனர் எல்லாரும் அந்த காசுல நல்ல கல்லா இறக்கச் சொல்லணும், நான் சொன்னா வியாபாரம் பேசுறான்னு நினைக்கிறாங்க, அதனால இப்ப டேபிளையே நீட்டிடுறேன். அந்தப் பக்கமும் எச்சரிக்கை இருக்கு, ஒண்ணுக்கு ஏழு போனா 3.5 கல்லுக்கே 0.25 ஆயிடுது, சட்டிக் கணக்குல எம் சாண்டை குவிச்சு அள்ளிப் போட்டு சிமெண்டை தலைதட்டிப் போடுற சைட்ல ஒண்ணுக்கு ஆறுன்னு சொல்றது நிஜத்துல ஏழு எட்டுதான்.

அடுத்தது உயரம். இதைத்தான் யாரும் கணக்குலயே எடுக்குறதில்ல. ஒல்லியான குச்சியை ரெண்டு முனையிலயும் பிடிச்சு அமுக்கினா நசுங்காது, நடுவுல வளைஞ்சுதான் உடையும், சுவரும் அப்படித்தான். அதனால சுவரோட உயரத்தை கனத்தால வகுத்து ஒரு நம்பர் எடுக்குறாங்க, சிமெண்ட் கலவை சுவருக்கு அது 27ஐ தாண்டக்கூடாது. உயரம்னா அப்படியே டேப் பிடிச்ச உயரம் இல்ல, மேலயும் கீழயும் கான்கிரீட் தளம் பிடிச்சிருந்தா முக்கால் பங்கு எடுத்தா போதும், மேல ஒண்ணுமே பிடிக்காம சும்மா நிக்கிற சுவர்னா ஒன்றரை மடங்கு எடுக்கணும். கனம்னா பூச்சு சேர்க்காம கல்லோட கனம் மட்டும், "ரெண்டு பக்கமும் பூசினா பத்து இஞ்ச் வந்துடும் சார்"ங்கிற பேச்சு இங்க செல்லாது.

சுண்ணாம்புக் கலவைக்கு அதே நம்பர் ரெண்டு மாடி வரைக்கும் 20, அதுக்கு மேல போனா 13தான். பழைய ஊர்வீட்டுல சுவர் ஒன்றரை அடி ரெண்டு அடின்னு இருக்கிறதைப் பார்த்து "அந்த காலத்து ஆளுங்க ஸ்ட்ராங்கா கட்டினாங்க"ன்னு பெருமூச்சு விடுறோம்ல, பாதி காரணம் இதுதான், சுண்ணாம்புக்கு அவ்வளவு கனம் தேவைப்பட்டுச்சு. சிகாகோல மொனாட்நாக் பில்டிங்னு ஒண்ணு இருக்கு, 1891ல கட்ட ஆரம்பிச்சது, அதோட பழைய பகுதி 16 மாடி செங்கல் சுவர் மேலயே நிக்குது, தரையில சுவர் கனம் 6 அடி. கனத்தை மட்டுமே நம்பி ஏத்திக்கிட்டே போனா கடைசியில கீழ்மாடில ரூமுக்கு இடம் இருக்காது.

நம்ம 9 இஞ்ச் சுவருக்கு வருவோம். தளத்துக்கு தளம் 10 அடின்னா 3.05 மீட்டர், முக்கால் பங்கு 2.29, அதை 0.23ஆல வகுத்தா கிட்டத்தட்ட 10. பத்துக்கு கோட் சொல்ற கழிவு 0.89, அதாவது உயரத்துக்காக சுவர் பலத்தை இதால பெருக்கிக் குறைச்சுக்கணும். கிளாஸ் 5 கல்லு, ஒண்ணுக்கு அஞ்சு கலவைன்னா 0.50ஐ 0.89ஆல பெருக்கி சுவர் கனத்தையும் பெருக்கினா ஒரு மீட்டர் நீள சுவர் சுமார் 10 டன் தாங்கும். அதே சுவரை 3.5 கல்லுல கட்டினா 7 டன்.

எதிர்ப்பக்கம் எடை எவ்வளவு வருது? ரெண்டு பக்கமும் 3 மீட்டர் ரூம் இருக்கிற நடுச்சுவரை எடுத்துக்குங்க, ரெண்டு தளம், தள எடை, தரை ஓடு, ஆளு சாமான் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 600 கிலோன்னு வச்சா தளம் ஒவ்வொண்ணும் 1.8 டன், ரெண்டு மாடி சுவரோட சொந்த எடை 2.7 டன்னுக்கு மேல, ஆக மொத்தம் மீட்டருக்கு ஆறரை டன். 3.5 கல்லுக்கே 7 டன் தாங்குதே, பாஸ்தானேன்னு தோணும். தோணக்கூடாது, அந்த சுவருல கதவு இருக்கே. 12 அடி சுவருல ஒரு மூணேகால் அடி கதவு விட்டீங்கன்னா அந்த இடத்து எடையும் மிச்ச சுவர் மேலதான் வரும், ஆறரை இப்ப 9 டன். 10 தாங்குற கல்லு தப்பிச்சுது, 7 தாங்குற கல்லு ஃபெயில். ரெண்டுமே 9 இஞ்ச் சுவர்தான், கண்ணால பார்த்தா வித்தியாசமே தெரியாது, பூசி பெயிண்ட் அடிச்சா சுத்தமா தெரியாது.

ஃபெயில்னா நாளைக்கே விழுந்துடும்னு அர்த்தம் இல்ல, கோட் வச்சிருக்கிற பாதுகாப்பு மார்ஜின்ல கையை வைக்கிறோம்னு அர்த்தம். அந்த மார்ஜின் எதுக்குன்னா, தளம் சுவர் நடுவுல உக்காராம ஒரு ஓரமா உக்கார்றதுக்கு, அஸ்திவாரம் கொஞ்சம் இறங்குறதுக்கு, ஒரு நாள் கொத்தனார் லீவு போட்டு புது ஆள் கட்டினதுக்கு. அதை ஏற்கனவே கல்லு சூளைக்காரர் தின்னுட்டா மிச்சம் என்ன இருக்கு?

ஜன்னல் விஷயத்துல இன்னும் கறாரு. ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல நிக்கிற துண்டு சுவரோட அகலம் அதோட கனத்துல 4 மடங்குக்குள்ள இருந்தா, அதாவது 9 இஞ்ச் சுவருல 3 அடிக்குள்ள, அதை சுவரா பார்க்காம தூணா பார்க்கச் சொல்ற மாதிரி விதி இருக்கு, தூணுக்கு அந்த உயரக் கணக்கு 27 இல்ல, 12தான். ஹால்ல வெளிச்சம் வேணும்னு எலிவேஷன் டிசைனர் பக்கத்து பக்கத்துல ரெண்டு பெரிய ஜன்னல் போட்டு நடுவுல ஒன்றரை அடி விட்டிருப்பார், அங்க ஒரு கான்கிரீட் தூண் போட்டுக்குங்கன்னு சொன்னா "அப்ப லோட் பேரிங் எதுக்கு"ன்னு கேப்பாங்க. அந்த ஒரு இடத்துக்குத்தான்ணே.

நாலரை இஞ்ச் சுவர் மேல தளம் போடலாமான்னு கேக்குறவங்களுக்கு, கோட்ல தடை ஒண்ணும் இல்ல, கணக்கு 21கிட்ட வருது, 27க்குள்ளதான் இருக்கு. ஆனா கழிவு 0.6 ஆயிடும், கிளாஸ் 5 கல்லுக்கே மீட்டருக்கு மூணேகால் டன்தான், ஒத்தை மாடி நடுச்சுவருக்கே ரெண்டரை டன் வருது, ஒரு கதவு விட்டா முடிஞ்சுது கதை. தடுப்புச் சுவருக்கு வச்சுக்குங்க.

இனிமே சொல்றதுதான் இந்த புத்தகத்துலயே என் சைட்ல அதிகமா சண்டை இழுத்த பாரா: காடி. வயரிங் பைப் பதிக்க சுவரை வெட்டுறோம்ல அது. கோட் என்ன சொல்லுதுன்னா நெட்டுக்குத்தா வெட்டுறது சுவர் கனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது, படுக்கை வாட்டத்துல வெட்டுறது ஆறுல ஒரு பங்கு, அதுவும் ஒரு மீட்டர் நீளத்துக்குள்ள. 9 இஞ்சுல நெட்டுக்கு 3 இஞ்ச் வரைக்கும் போகலாம், பிரச்சனையே இல்ல. படுக்கைக்கு ஒன்றரை இஞ்ச். நாலரை இஞ்சுல படுக்கைக்கு முக்கா இஞ்சுதான், முக்கா இஞ்ச் பைப்போட வெளி விட்டமே அதுல அடங்காது, பூச்சு மேல மூடுறது அப்புறம். இப்ப நம்ம எலக்ட்ரீஷியன் தம்பி என்ன பண்றார்? கட்டிங் மெஷினை எடுத்து சுவிட்ச் போர்டுல இருந்து ஏசி பாயிண்ட் வரைக்கும் ரூம் முழுக்க ஒரே நேர்கோட்டுல, இடுப்பு உயரத்துல, சர்ருன்னு இழுத்துட்டு போறார், அப்புறம் சுத்தியலால தட்டுறார், மறுபக்கம் பூச்சு உப்பி வருது. அந்த கோட்டுக்கு மேல இருக்கிற சுவர் எடை முழுக்க மிச்சம் இருக்கிற கல்லு மேலதான் உக்காருது. நான் இப்ப தளம் போடும்போதே மேல பைப்பை ஓட்டிட்டு ஒவ்வொரு பாயிண்டுக்கும் நெட்டா இறக்கச் சொல்லிடுறேன். "பைப் ஜாஸ்தி ஆகும் சார்"ன்னு முணுமுணுப்பு வரும், வரட்டும்.

கல் டெஸ்ட் பத்தியும் சொல்லிடுறேன், இது இல்லாம மேல சொன்ன டேபிள் எல்லாம் சும்மா, கல்லோட கிளாஸ் தெரிஞ்சாத்தானே கணக்கு போட முடியும். சூளைல போய் கிளாஸ் என்னன்னு கேட்டா "ஃபர்ஸ்ட் கிளாஸ்"னு பதில் வரும், அது வேற கிளாஸ். பக்கத்துல இருக்கிற எஞ்சினியரிங் காலேஜ் லேப் இல்ல தனியார் டெஸ்டிங் லேப்ல செஞ்சு கொடுப்பாங்க, முறை ஐஎஸ் 3495. லாரில இருந்து கல்லை நீங்களே அங்கங்க கைவிட்டு எடுங்க, டிரைவர் எடுத்துக் கொடுக்குறது மேல அடுக்குல நல்லா செவந்த கல்லாத்தான் இருக்கும். லேப்ல கல்லை ஒரு நாள் தண்ணில போட்டு, சூளைப் பேர் பதிஞ்ச குழியை ஒண்ணுக்கு ஒண்ணு கலவையால அடைச்சு, ஒரு நாள் ஈரச் சாக்குல மூடி, அப்புறம் மூணு நாள் தண்ணிக்குள்ள போட்டுடுவாங்க. அதுக்கப்புறம் மேலயும் கீழயும் ப்ளைவுட் துண்டு வச்சு மெஷின்ல ஏத்தி மெதுவா அமுக்குவாங்க. நல்லா வெந்த கல்லுன்னா முள் ஏறிக்கிட்டே போய் திடீர்னு டப்புன்னு சத்தம் கேக்கும், வேகாத கல்லுன்னா சத்தமே இல்லாம ஓரம் உதிர ஆரம்பிக்கும், முள்ளு பாதிலயே நின்னுடும், உடைஞ்ச கல்லுக்கு உள்ள கருப்பா மண்ணு நிறத்துல ஒரு வட்டம் தெரியும். அஞ்சு கல்லோட சராசரியைத்தான் பார்ப்பாங்க, ஆனா எந்த ஒரு கல்லும் கிளாஸை விட 20 சதவீதத்துக்கு மேல குறையக்கூடாது.

ஒரு சைட்டுக்கு மலிவா வருதுன்னு ஓனர் சொந்தக்காரர் மூலமா நாட்டு செங்கல் இறக்கினார், டெஸ்ட்ல சராசரி 3.5ஐ கூட தொடல. சூளைக்காரர் கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டினா "எங்க அப்பா காலத்துல இருந்து இதே மண்ணு, இந்த ஊர்ல பாதி வீடு என் கல்லுதான்"ங்கிறார். பேச்சை வளர்க்காம அந்த கல்லை காம்பவுண்டுக்கும் தடுப்புக்கும் ஒதுக்கிட்டு சுவருக்கு சேம்பர் கல் இறக்கினோம். பணம் கூடுதல்தான். ஓனர் வீட்டம்மாதான் ரிப்போர்ட்டை கையில வாங்கிப் பார்த்துட்டு "ஏங்க, டெஸ்டுக்கு காசு கொடுத்தாச்சு, ரிசல்ட்டை மதிக்கலன்னா எதுக்கு கொடுத்தோம்"னு கேட்டு முடிச்சு வச்சாங்க.

ஃப்ளை ஆஷ் கல்லு பத்தி கமெண்ட்ல கேப்பீங்க, அதுக்கும் தனி கோட் இருக்கு, ஐஎஸ் 12894, கிளாஸ் முறை ஏறக்குறைய இதே மாதிரி, டெஸ்ட் பண்ணி கிளாஸ் தெரிஞ்சா இதே டேபிள்ல போய்ப் பார்க்கலாம். ஏஏசி பிளாக், அந்த நுரை மாதிரி லேசான கான்கிரீட் கல்லு, பில்லர் வீட்டுக்கு நிரப்புற சுவருக்கு அருமை, அதுல தளத்தை ஏத்த நான் தயாரா இல்ல.

இப்ப குறை. முதல் குறை இங்கிலீஷ், அதுவும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இங்கிலீஷ். ஒரே சுவருக்கு உயரம் ஒரு பக்கம், நீளம் ஒரு பக்கம், கனம் ஒரு பக்கம்னு டேபிள் டேபிளா தாவணும், சைட்ல வெயில்ல நின்னுக்கிட்டு போன்ல பார்க்குறதுக்கு லாயக்கு இல்ல. கொத்தனாருக்கு புரியுற மாதிரி தமிழ்ல நாலு பக்கம், படத்தோட, சைட் ஷெட்ல ஒட்டுற மாதிரி போட்டிருக்கலாம், இவ்வளவு வருஷத்துல யாருக்கும் தோணல. ரெண்டாவது, இது கம்பி இல்லாத சுவருக்கு மட்டும்தான், பூகம்பத்துக்கு என்ன பண்ணனும்னா அது ஐஎஸ் 4326ல போய்ப் பார்க்கணும், லிண்டல் மட்டத்துல சுத்தி பெல்ட் ஓட்டுறது, மூலைல இருந்து எவ்வளவு தள்ளி ஜன்னல் வைக்கிறது எல்லாம் அங்க இருக்கு. மூணாவது, இதை எழுதினவங்க மேல இல்ல, என் அனுபவத்துல பிளான் அப்ரூவலுக்கு போனா செட்பேக் எவ்வளவு, எத்தனை மாடின்னுதான் கேள்வி வருது, எந்த கிளாஸ் கல்லுன்னு ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்ல.

கடைசியா காம்பவுண்ட் சுவர். மேல தளமே இல்லையே, என்ன எடை இருக்கு, அரைக்கல் போதும்னு எல்லாரும் கை கழுவுற இடம் இது. 2019 டிசம்பர் 2ம் தேதி விடியக்காலைல மேட்டுப்பாளையம் நடூர்ல மழைல ஊறின காம்பவுண்ட் சுவர் பக்கத்து வீடுங்க மேல விழுந்து 17 பேர் செத்தாங்க. ஆளுயரத்துக்கு மேல எவ்வளவோ அடி உயரமான சுவர். தனியா நிக்கிற சுவருக்கு இந்த கோட்ல ஒரு குட்டி டேபிள் இருக்கு, நாலே வரி, காத்து அழுத்தம் கூடக்கூட சுவர் உயரம் கனத்தோட எத்தனை மடங்கு போகலாம்னு. காத்து ரொம்ப கம்மின்னா 10 மடங்கு, ரொம்ப அதிகம்னா 4 மடங்கு. 9 இஞ்ச் சுவருக்கு 10 மடங்குன்னா ஏழரை அடி, 4 மடங்குன்னா 3 அடி. கடலோர ஊர்ல நாலரை இஞ்சுல 6 அடி காம்பவுண்ட் எழுப்புறவங்க இந்த நாலு வரியை மட்டுமாவது பார்க்கணும். உயரம் வேணும்னா இடையில இடையில பில்லர் விட்டு கட்டணும், இல்ல கனத்தைக் கூட்டணும். இது காத்துக்கு மட்டும்தான், ஒரு பக்கம் மண்ணைக் கொட்டி மேடாக்கி வச்சிருந்தா இந்த டேபிளே செல்லாது, அது மண் தாங்குற சுவர், டிசைனே வேற, மழைத்தண்ணி வெளியேற ஓட்டை விடாம அதைக் கட்டவே கூடாது.

என் ரேட்டிங் 5க்கு 4. ஒரு ஸ்டார் அந்த இங்கிலீஷுக்காக கட். கோட் படிச்சு தலை சுத்துதுன்னா எஸ்பி 20ன்னு 1991ல வந்த கைப்புத்தகம் ஒண்ணு இருக்கு, அதே ஆளுங்க போட்டதுதான், இதே விதிகளை ஏன் எதுக்குன்னு விளக்கி கணக்கு போட்டும் காட்டியிருக்காங்க, அதை முன்னாடி படிச்சுட்டு 1905க்கு வந்தா சுலபமா இருக்கும். டெஸ்டுக்கு கல் கொடுக்குறவங்க ரிப்போர்ட்ல சராசரி மட்டும் இல்லாம அஞ்சு கல்லோட நம்பரும் தனித்தனியா போட்டுத் தரச் சொல்லி கேட்டு வாங்குங்க.